முன் அனுபவம் தேவையில்லை

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனிதனால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. சங்கு ஊதியதும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். சம்பளமே இல்லாத பதவிக்கு ஆசைப்பட்டவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவனுக்குச் சங்கு கிடையாது, வார விடுமுறை கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. நான் அப்படி ஒரு பதவிக்கு ஆசைப்பட்டேன். பதவியின் பெயர் கிளை ஒருங்கிணைப்பாளர். கிளை, ஓசூர் கிளை. தலைமையகம் எங்கே என்று கேட்காதீர்கள். அது இணையத்தில் எங்கேயோ இருந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன். (என் மனைவி மஞ்சுளா: "விளக்கமாவா? அப்ப நான் போயி மாவு ஆட்டிட்டு வந்துடறேன்.")

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பிழைப்பு ஓசூர் சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். பொழுதுபோக்கு, தேதி. எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது கோயிலையோ நல்ல ஓட்டலையோ அல்ல. திறப்பு விழாக் கல்லை. அரசர்கள் வெட்டிய கல்வெட்டுகளைப் படிக்க நாட்டில் எத்தனையோ அறிஞர்கள் இருக்கிறார்கள். பஸ் நிழற்குடையை என்றைக்கு, யார் தலைமையில், யார் முன்னிலையில், யார் திறந்துவைத்தார் என்று பொறித்த கல்லைப் படிக்க ஓர் ஆள் வேண்டாமா? எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் தாலி கட்டும் படம் ஒன்று இருக்கிறது. அதில் எல்லோரும் தாலியைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் தலையைத் திருப்பி, மண்டபத்துச் சுவரில் பதித்திருந்த கல்லைப் பார்க்கிறேன்.

இந்த வியாதி எனக்கு மட்டும்தான் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் அந்த இணையதளம் கண்ணில் பட்டது. உலகம் முழுவதிலும் இருக்கும் கட்டடம், பாலம், கிணறு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றின் மீதும் பொறித்திருக்கும் தேதிகளைப் படம் பிடித்து ஏற்றுகிற குழுமம் அது. எல்லோருமே தன்னார்வலர்கள். படம் ஏற்றினால் நீங்கள் பதிவாளர். நிறைய ஏற்றினால் சரிபார்ப்பாளர். புதியவர்களுக்கு வணக்கம் சொன்னால் வரவேற்பாளர். எல்லாவற்றுக்கும் மேலே கிளை ஒருங்கிணைப்பாளர். அவர் பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு சிறிய கல் மின்னும். (நிஜக் கல் இல்லை. படம்தான். அதற்குத்தான் இவ்வளவும்.)

நான் வெகு சீக்கிரம் சரிபார்ப்பாளர் ஆகிவிட்டேன். பகலில் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை நிராகரித்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து உலகத்தை நிராகரித்தேன். போர்ச்சுகல்காரர் ஒருவர் ஆசையாக ஏற்றிய கிணற்றுப் படத்தை, கடைசி இலக்கத்தின் மேல் நிழல் விழுந்திருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காவது முறை அவர் கிணற்றின் படத்தை அனுப்பவில்லை. என்னைப் பற்றிப் புகார் அனுப்பினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு அவமானத்தைத் தவிர. அந்தத் தளத்தின் வரைபடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பெங்களூரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். அந்த வட்டம் மாநில எல்லையைத் தாண்டி வந்து ஓசூரை விழுங்கியிருந்தது. நான் வெயிலில் நின்று எடுத்த பாகலூர் சாலைத் தண்ணீர்த் தொட்டியின் கீழே 'பெங்களூர் கிளை' என்று போட்டிருந்தது. ரத்தம் கொதித்தது. பெங்களூர் கிளையின் ஒருங்கிணைப்பாளர் ரகு என்ற மென்பொருள்காரர். கன்னடக்காரர் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுவார். அவரை அழைத்துக் கேட்டேன்.

"அதுக்கென்ன சார், ஓசூரு நமக்குப் பக்கத்து ஸ்டாப்பு மாதிரிதானே!" என்றார் மிகுந்த அன்போடு.

பக்கத்து ஸ்டாப்! அன்றைக்கே தனிக் கிளை கேட்டு விண்ணப்பம் போட்டேன்.

ஆசியப் பகுதியின் பொறுப்பாளர் மார்த்தா என்ற அம்மையார். ஓய்வு பெற்ற நூலகர். பின்லாந்தில் இருந்தார். ஆசியாவின் பொறுப்பாளர் ஏன் பின்லாந்தில் இருக்கிறார் என்று கேட்கக் கூடாது. தன்னார்வ அமைப்பு என்றால் அப்படித்தான். அவர் பதில் எழுதினார். ஓசூரில் ஒரு பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது இருபது பேர் வர வேண்டும். கூட்டம் முடிவதற்குள் அவர்களில் பத்துப் பேராவது ஆளுக்கொரு படம் ஏற்ற வேண்டும். அவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பார். நடந்தால் தனிக் கிளை. நடக்காவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். ஓசூர் நிரந்தரமாகப் பெங்களூருக்கு.

இருபது பேர். நான் ஒருவன். மஞ்சுளா இரண்டு. மஞ்சுளாவின் தம்பி முனிராஜ் மூன்று. தொழிற்சாலையில் கேட்டுப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமையா? கல்லு பாக்கவா?" என்று கேட்டுவிட்டு, என் உடல்நிலையையும் விசாரித்தார்கள். விளம்பரம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

முனிராஜ் ராயக்கோட்டை சாலையில் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்தான். நான் எழுதிக்கொண்டுபோன வாசகத்தைப் பார்த்தான். எந்தத் தகவலும் விட்டுப்போகக் கூடாது என்று நான் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய வாசகம் அது:

'சர்வதேசக் குழுமத்தின் ஓசூர் கிளை தொடக்கம். கீழ்க்கண்ட பொறுப்புகளுக்கு ஆட்கள் தேவை: பதிவாளர்கள், சரிபார்ப்பாளர்கள், வரவேற்பாளர்கள். ஆண், பெண் இருபாலரும் வரலாம். வயது வரம்பு இல்லை. முன் அனுபவம் தேவையில்லை. வெளிநாட்டுப் பொறுப்பாளர் நேரடியாக வீடியோவில் உரையாடுவார். தேநீர் வழங்கப்படும்.'

ஓசூர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஒரு மேசையைப் போட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிய ஓர் ஆளை உட்கார வைத்தால், கால் மணி நேரத்தில் எதிரே ஒரு வரிசை நிற்கும். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், முடிக்காதவர்கள், முடித்தவர்களின் அப்பாக்கள். நானே அப்படி ஒரு வரிசையில் நின்று வேலைக்குச் சேர்ந்தவன்தான். அந்த நான்தான் இந்த வாசகத்தை எழுதினேன். இரண்டு நாள் செதுக்கி.

முனிராஜ் தலையைச் சொறிந்தான். "மாமா, எழுத்துதான் இருக்குது. படம் எங்க?"

"படமெல்லாம் வேண்டாம் மாப்ள. கௌரவமா இருக்கட்டும்."

"படம் இல்லாத பிளெக்ஸ எவன் நின்னு பாப்பான்? நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மாதிரியைக் காட்டினான். நடுவில் ஒரு பூமி உருண்டை. இந்தப் பக்கம் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் யாரோடோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் கட்டை விரலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"ஹெல்மெட் எதுக்கு மாப்ள?"

"கல்லுன்னு சொன்னீங்களே மாமா. மேல கீள வுழுந்துட்டா?"

யோசித்துப் பார்த்தேன். பாதுகாப்பு உணர்வு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். ஒரு இடத்தில் 'ச்' விட்டுப்போயிருந்ததை மட்டும் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

"மாமா, பிழைய வுடுங்க. முழுசாப் படிச்சா உங்களுக்கு என்னா தோணுது?" என்று முனிராஜ் ஒரு மாதிரியாகக் கேட்டான்.

"இப்ப சரியா இருக்கு" என்றேன்.

ஓசூரில் மூன்று இடங்களில் பிளெக்ஸ் கட்டினோம். நான்காவதை முனிராஜ் சொந்த முயற்சியில் குந்தாரப்பள்ளி சந்தைக்குக் கொண்டுபோய், மாடு பிடிக்கும் இடத்துக்கு எதிரே கட்டிவிட்டு வந்தான். கீழே அவன் கடை எண்ணைப் போட்டிருந்ததால், அழைப்புகள் அவனுக்கு வந்தன. ஓயாமல் வந்தன.

"என்ன கேக்கறாங்க மாப்ள?"

"எத்தினி பேர எடுப்பீங்கன்னு கேக்கறாங்க மாமா. வர்றவங்க எல்லாரையும் எடுப்போம்னுட்டேன்."

"ரொம்பச் சரி! நம்மகிட்ட வரம்பே கிடையாது" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியை இங்கே எழுத எனக்குக் கை துடிக்கிறது. வீட்டில் அந்தத் தேதியை உச்சரிக்கத் தடை இருப்பதால் விட்டுவிடுகிறேன். பாகலூர் சாலையில் ஒரு சங்கத்தின் சிறிய மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். நாற்பது நாற்காலிகள். நாற்பது பேருக்கு மஞ்சுளா தேநீரும் வடையும் ஏற்பாடு செய்திருந்தாள். நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கியபோது, மண்டபத்தின் வாசலிலிருந்து டீக்கடை, பஞ்சர் கடை எல்லாம் தாண்டி வரிசை நின்றது. இருநூறு பேருக்குக் குறையாது.

"பக்கத்துல யாரு வீட்டுலயோ சாவுங்களா?" என்றாள் மஞ்சுளா.

"நம்ம கூட்டத்துக்குத்தான்!" என்றேன். தொழில் நகரம், தொழில் நகரம் என்று இந்த ஊரை எத்தனை பேர் இளக்காரமாகப் பேசியிருக்கிறார்கள்! இதன் நெஞ்சுக்குள் வரலாற்றுத் தாகம் இப்படிப் பொங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லையே! நான் வரிசையை ஒட்டி நடந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நானும் அரசியல்வாதியைப் போல் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

மஞ்சுளா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, எல்லார் கையிலயும் பைல் இருக்குதே?"

"ஆவணங்களோட வந்திருக்காங்க. அக்கறை இருக்கறவங்க அப்படித்தான் வருவாங்க."

"அந்தப் பையன் கண்ண மூடிக்கினு முருகா முருகான்னு சொல்லிக்கினு இருக்கறான்."

"பக்தி."

"அந்தப் பொண்ணு பிளஸ் டூ மார்க் ஷீட்ட ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்குதுங்க."

"அதுலயும் தேதி இருக்குமே" என்றேன். (இதை நான் உண்மையாகவே சொன்னேன். சாட்சி இருக்கிறாள்.)

ரகு நான்கு பேரோடு பெங்களூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஐந்து பேரும் ஒரே மாதிரி பச்சை பனியன். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் சார் இது, இவ்ளோ ஜனா! எங்க மீட்டிங்குக்குப் பத்துப் பேரு வந்தாலே நாங்க கேக்கு வெட்டுவோம் சார்!"

"ஓசூர் அப்படித்தான்" என்றேன், அடக்கமாக.

நாற்காலியில் நாற்பது பேர், தரையில் அதற்கு மேல், ஜன்னலில் மிச்சம் பேர். முனிராஜ் தன் கடை டிவியைக் கொண்டுவந்து மேடையில் வைத்திருந்தான். அதில் மார்த்தா அம்மையார் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பேச ஆரம்பித்தேன். கல்லின் பெருமை, தேதியின் அருமை, தன்னலமற்ற உழைப்பு என்று என் வாழ்நாளின் சிறந்த உரையை ஆற்றினேன். மண்டபத்தில் ஓர் ஈ பறந்தால் கேட்கும். ஒரு பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்ட கூட்டத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை; அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. உரையின் முடிவில், கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றேன். இருநூறு கைகள் உயர்ந்தன.

"சார், ஷிப்ட் உண்டுங்களா?"

நல்ல கேள்வியாகத்தான் பட்டது. "அதெல்லாம் கட்டாயமில்லை. உங்களுக்கு எப்ப நேரம் கிடைக்குதோ அப்ப செய்யலாம்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பக்கத்திலிருந்தவனிடம் ஒருவன், "பாரின் கம்பெனிடா!" என்றான்.

"கம்பெனி பஸ் வேப்பனப்பள்ளி வரைக்கும் வருங்களா சார்?"

"பஸ்ஸா? நடந்துதான் போகணும். நடந்தாத்தான் கல்லு கண்ணுல படும்."

"கிரானைட்டுங்களா சார்?"

"கிரானைட், சிமெண்ட், சலவைக்கல், எதுவா இருந்தாலும் ஏத்தலாம்."

"லோடு நாங்களே ஏத்தணுமா, ஆள் இருக்காங்களா?"

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "சார், சுத்தி வளைக்க வேணாம். மேன்பவர் நான் தர்றேன். சம்பளம் எவ்ளோ போடுவீங்க? அத மட்டும் சொல்லிடுங்க, மீதிய நம்ம பேசிக்கலாம்."

நான் மார்த்தாவைப் பார்த்தேன். மார்த்தா புன்னகைத்தார். மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சம்பளம்… கிடையாது" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஜன்னலில் இருந்தவர்கள் வெளியே இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் சாலையில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். சத்தம் சாலையிலிருந்து கிளம்பி, பெரிதாகிக்கொண்டே மேடைக்குத் திரும்பி வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்த பையன் வேறு வார்த்தைகள் சொல்ல ஆரம்பித்தான். "அவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று மார்த்தா ஆங்கிலத்தில் கேட்டார். "பணி நிபந்தனைகளைப் பற்றி விவாதிக்கிறார்கள்" என்று மொழிபெயர்த்தேன். தமிழ் தெரிந்த ரகு, பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

அப்போது முனிராஜ் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். "அண்ணா, அக்கா, எல்லாரும் உக்காருங்க! சம்பளம் இல்லன்னா என்னா அர்த்தம்? இது ட்ரெய்னிங் பீரியட்!"

நம்ப மாட்டீர்கள்; கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஓசூரில் பயிற்சிக் காலம் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது. எல்லோரும் ஏதோ ஒரு பயிற்சிக் காலத்தைக் கடந்து வந்தவர்கள், அல்லது அதற்காகவே காத்திருப்பவர்கள். காண்டிராக்டர்கூடத் தலையாட்டினார். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா? எத்தினி மாசம் ட்ரெய்னிங்?"

முனிராஜ் என்னைப் பார்த்தான். மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஆறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கால அளவு பற்றிய ஒரு கேள்விக்கு நான் தவறான பதில் சொல்லிவிடுவதா?

"வாழ்நாள் முழுக்க" என்றேன்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாக எழுத முடியவில்லை. சிலர் கத்தினார்கள். சிலர் பைலைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். போகிற வேகத்தில் வாசலில் இருந்த பிளெக்ஸைக் கிழித்துக்கொண்டு போனார்கள். ஹெல்மெட்காரரின் கட்டை விரல் மட்டும் கம்பில் தொங்கியது. இந்த அமளியின் நடுவே ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் கவிதா, ஜவளகிரியிலிருந்து அம்மாவோடு வந்திருந்தாள். மஞ்சுளா சொன்ன மார்க் ஷீட் ஜெராக்ஸ் பெண் அவள்தான்.

"சார், ஒரே ஒரு கேள்வி. நீங்க என்னா வேலை பாக்கறீங்க?"

"குவாலிட்டி."

"உங்க லைன்ல இந்த மீட்டிங் மாதிரி ஒரு பீஸ் வந்தா என்னா பண்ணுவீங்க?"

எனக்குப் பொய் வராது. "ரிஜெக்ட் பண்ணுவேன்மா."

"அதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்றைய கூட்டத்தில் ஒரு பேச்சுக்கு விழுந்த ஒரே கைதட்டல் அதுதான்.

அவளுடைய அம்மா எழுந்தார். "எங்க ஊரு பஸ்ஸு மத்தியானத்துக்கு மேலதான். அதுவரைக்கும் நாங்க எங்க போறது? டீ குடுப்போம்னு போர்டுல போட்டீங்களே, அதயாவது குடுங்க."

மஞ்சுளா எழுந்தாள். நாற்பது வடையை நூறாக்கும் வித்தை அவளுக்குத் தெரியும், பிய்த்தாள். தேநீரில் தண்ணீர் சேர்த்தாள். பஸ்ஸுக்காகக் காத்திருந்த அத்தனை பேருக்கும் கொடுத்துக்கொண்டே போனாள். நான் மேடையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். இருபது பேர் என்ற நிபந்தனை பத்து மடங்கு நிறைவேறியிருந்தது. ஆனால் பத்துப் பேர் ஆளுக்கொரு படம் ஏற்ற வேண்டுமே? என் முகத்துக்காக இனி யார் ஏற்றுவார்கள்? எல்லாம் முடிந்தது. பாகலூர் சாலைத் தண்ணீர்த் தொட்டி இனி என்றைக்கும் பெங்களூருக்குத்தான். டிவியில் மார்த்தா, "படங்கள்? படங்கள்?" என்று நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மஞ்சுளா தட்டைக் கீழே வைக்காமலேயே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எங்க வூட்டுக்காரரு யாரயும் ஏமாத்தற ஆளு இல்லீங்க. அவ்ளோ சாமர்த்தியம் பத்தாது. தேதின்னா அவருக்கு ஒரு பைத்தியம், அவ்ளோதான். பத்துப் பேரு போன்ல பத்து போட்டோ எடுத்து ஏத்துனா, அந்த டிவியில இருக்கற அம்மா இவருக்கு ஏதோ குடுப்பாங்களாம். இல்லாட்டி ஒரு மாசத்துக்கு எங்க வூட்டுல எழவு மாதிரி இருக்கும். டீ குடிச்சிங்கல்ல? தேதி போட்டது எதுவா இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு எடுத்து ஏத்திட்டுப் போங்க, புண்ணியமாப் போவுது."

கேட்ட கூட்டம் மனம் இளகியது. வேலை இல்லாத நாளில், செய்வதற்கு ஏதோ ஒன்று. அது மட்டுமா, பைத்தியத்துக்கு உதவுவதில் ஒரு திருப்தியும் இருக்கிறது. எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

'தேதி போட்டது எதுவா இருந்தாலும்.' அந்த வாசகத்தை நான் அப்போதே திருத்தியிருக்க வேண்டும். தளத்துக்குத் தேதி என்றால் கட்டடத்தின் தேதி. ஓசூர்க்காரனுக்குத் தேதி என்றால் உற்பத்தித் தேதி. பொருளைக் கையில் எடுத்தால் பின்பக்கம் திருப்பி, என்றைக்குத் தயாரித்தது, எந்த பேட்ச் என்று பார்த்துப் பழகிய ஊர். ஒருவன் மண்டபத்துத் தீயணைப்புக் குப்பியைப் படம் எடுத்தான். இன்னொருவன் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறினான். டீக்கடையின் கேஸ் சிலிண்டர், பஞ்சர் கடை லாரி டயர், தேயிலைப் பொட்டலம், பன் சுற்றிய காகிதம், ரகு வந்த காரின் கதவு விளிம்பில் ஒட்டியிருந்த தகடு என்று ஒன்றையும் விடவில்லை. தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே நிரப்ப வேண்டிய கட்டங்கள் உண்டு. அவற்றையும் சிரத்தையாக நிரப்பினார்கள். 'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில் 'ஓகே'. கவிதா ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஏற்றினாள். 'திறந்துவைத்தவர்' என்ற கட்டத்தில் 'எங்க அம்மா' என்று எழுதினாள்.

பத்தைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. டிவியில் மார்த்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்து குவியும் படங்களைப் பார்த்தார். பிஸ்கட் பாக்கெட்டை நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் ரகு நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். நிஜமாகவே விழுந்தார்.

விஷயத்தை நான் முழுவதும் விளக்கினேன். வேலை தேடி வந்தவர்கள் என்பதையும், அது என் பிளெக்ஸின் கோளாறு என்பதையும், அவர் பார்த்துக்கொண்டிருப்பது பிஸ்கட் என்பதையும். மார்த்தா தளத்தின் விதிகளைத் திறந்து படித்தார். பிறகு நூலகருக்கே உரிய குரலில் சொன்னார். விதியில் 'படம் ஏற்ற வேண்டும்' என்றுதான் இருக்கிறது. 'ஏற்கப்பட வேண்டும்' என்று இல்லை. ஏமாற்றப்பட்ட பிறகும் உதவி செய்கிற கூட்டத்தை அவர் இதுவரை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. ஓசூர் கிளை அங்கீகரிக்கப்படுகிறது.

நான் எழுந்து நின்றேன். சட்டையைச் சரிசெய்துகொண்டேன். தங்க நிறக் கல் என் பெயருக்குப் பக்கத்தில் மின்னுவது மனக்கண்ணில் தெரிந்தது. அப்போது மார்த்தா, "இனி ஒருங்கிணைப்பாளரை உறுப்பினர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்றார்.

எனக்கு ஆதரவாக முனிராஜ் கை தூக்கினான். மஞ்சுளாவைப் பார்த்தேன். "கையில தட்டு இருக்குதுங்க" என்றாள். பின்னாலிருந்து யாரோ, "அந்தக் கேள்வி கேட்ட பொண்ணப் போடுங்க!" என்று கத்த, மண்டபம் முழுவதும் கை தூக்கியது. ரகுவும் தூக்கினார், அவருக்கு வாக்கே கிடையாது.

"சம்பளமில்லாத வேலையா? எனக்கு வேணாம் சார்" என்றாள் கவிதா.

அவள் அம்மா முழங்கையால் ஓர் இடி இடித்தார். "பாரின்காரங்க குடுக்கறாங்க, சும்மா வாங்கிக்கோடி. பயோடேட்டால போட்டுக்கலாம்."

போட்டுக்கொண்டாள். அடுத்த நேர்காணலில், பன்னாட்டுக் குழுமம் ஒன்றின் ஓசூர் பொறுப்பாளர் என்று படித்துவிட்டு, எதிரே இருந்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். வேலை கிடைத்துவிட்டது. கிளையையும் விடவில்லை; விளையாட்டாக ஏற்றவள், இப்போது தளி, அஞ்செட்டி வரைக்கும் ஆள் சேர்த்து வைத்திருக்கிறாள். எனக்கு வரவேற்பாளர் பதவி கொடுத்தாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வணக்கம் சொல்வது என் பொறுப்பு. போன வாரம்கூட நான் ஏற்றிய ஒரு பாலத்தின் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். காரணம்: 'நிழல் விழுந்திருக்கிறது சார்.'

உலகத்துக்கும் ஒரு விளைவு உண்டு. அன்று வந்து விழுந்த படங்களைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு கண்டங்களில் சரிபார்ப்பாளர்கள் ராஜினாமா செய்தார்கள். அதன் பிறகு தளத்தின் விதிகளில் ஒரு வரி சேர்ந்தது: பொட்டலங்கள், டயர்கள், எரிவாயு உருளைகள் ஆகியவற்றின் மீதுள்ள தேதிகள் ஏற்கப்படமாட்டா. அதற்கு அவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பெயர் ஓசூர் விதி. ரகு வருடத்துக்கு ஒருமுறை அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். நானும் ஓசூர் பெயர் பெங்களூருக்குக் கீழே வராத ஓர் இடமாவது இருக்கிறதே என்று ஆறுதல் அடைவேன்.

வீட்டில்தான் ஆறுதல் இல்லை. சென்ற மாதம் முனிராஜின் மைத்துனிக்குக் கிருஷ்ணகிரியில் கல்யாணம். மணமேடையில் அட்சதை போட வரிசையில் நின்றோம். மணப்பெண் மஞ்சுளாவின் காலில் விழுந்து எழுந்து, "அக்கா, உங்களுக்குக் கல்யாணம் ஆகி இத்தினி வருஷமாச்சே, எப்படி இருக்குது வாழ்க்கை?" என்று வெட்கத்தோடு கேட்டாள்.

"இன்னும் ட்ரெய்னிங் பீரியட்தான் போய்க்கினு இருக்குது. சம்பளம் கிடையாது. எத்தினி மாசம்னு கேட்டேன், வாழ்நாள் முழுக்கன்னுட்டாரு" என்றாள் மஞ்சுளா, என்னைக் காட்டி.

மேடை முழுவதும் சிரித்தது. புகைப்படக்காரர் சிரித்தார், ஐயர் சிரித்தார், முனிராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள்.